எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை

1

மலேசியாவில் இந்தக் கிள்ளானுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் முடிந்த அன்றைக்குக் காலையில்தான் அந்த போன் வந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் நான் யாரிடமும் சொல்லாமல் கொஞ்சம் கேசரி கிண்டுவேன். வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்பார். "சும்மா" என்பேன். அவர் இங்கேயே பிறந்தவர். வந்த நாள் என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

அன்றைக்கும் ரவையை வறுத்துக்கொண்டிருந்தேன். இந்தியா நம்பர். இந்தியா நம்பர் என்றாலே எனக்கு பயம், யார் போய்விட்டார்களோ என்று. அடுப்பை அணைத்தேன். அணைந்ததா என்று இன்னொரு தடவை பார்த்தேன். பிறகுதான் எடுத்தேன்.

"அக்கா, வணக்கம்க்கா. நல்லா இருக்கீங்களா? நான் குடவாசல் பக்கம்தான். செல்வம்னு பேரு."

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே தம்பி?"

"அய்யய்யோ, ஒண்ணும் இல்லக்கா. நல்ல சேதிதான். கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான்."

நல்ல சேதி, கொஞ்சம் அவசரம். இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து சேர்ந்து வந்தால் போனை வைத்துவிடுங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், எழுதிப் பழக்கம் இல்லை. முன்னது பின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 

2

செல்வத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் அப்பா பேர் கோவிந்தன் என்று தெரிந்திருந்தது. என் தம்பி முருகையன் பேர் தெரிந்திருந்தது. எங்கள் நிலம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அதன் சர்வே நம்பர் இன்னது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பட்டா நகலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. இவ்வளவும் தெரிந்தவன் வேறு ஆளாக இருக்க முடியுமா என்று நினைத்தேன். அதெல்லாம் இப்போது யார் வேண்டுமானாலும் கணினியில் பார்க்கலாமாம். எனக்கு அது தெரியாது.

அந்த நிலம் எங்களுக்கு வந்த கதையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த உபரி நிலம், விவசாயக் கூலியாக இருந்த அப்பாவுக்கு அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்தது. அப்பா செத்த பிறகு என் பேரும் தம்பி பேரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாக மாறியது. பயிர் வைப்பது தம்பி. நான் அதில் ஒரு மணி நெல் கேட்டதில்லை. ஆனால் என் பேர் அதில் இருந்தது. இந்தியாவில் என் பேர் இருந்த ஒரே காகிதம் அதுதான். ரேஷன் கார்டில் எடுத்துவிட்டார்கள், ஓட்டர் லிஸ்டில் எடுத்துவிட்டார்கள்.

செல்வம் சொன்னது இது. உபரி நிலம் வாங்கியவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களை இப்போது கணக்கெடுக்கிறார்கள். சொந்தமாகப் பயிர் வைக்காதவர்கள் பேரில் நிலம் இருந்தால் திரும்ப எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"என் பங்கு மட்டும்தானே தம்பி?"

"கூட்டுப் பட்டாக்கா. எடுத்தா மொத்தமா எடுப்பாங்க. உங்க தம்பி நெலமும் போயிடும்."

"அப்ப தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"அய்யோ, அதை மட்டும் செஞ்சிடாதீங்கக்கா. அவரு பாட்டுக்கு ஆபீஸ்ல போய் நின்னாருன்னா பைலு மேல வந்துடும். நான் கீழயே அமுக்கி வெச்சிருக்கேன். நம்ம ஊர்க்காரங்கன்னுதான் இவ்வளவு தூரம் மெனக்கெடுறேன்."

 அப்பா உயிரோடு இருந்த வரைக்கும் இந்த பயம்தான். கொடுத்த கை எடுத்துக்கொள்ளும் என்று பயந்துகொண்டேதான் அவர் உழுதார், விதைத்தார். பட்டாவைத் தகர டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி, மழைக்காலத்தில் தலைமாட்டில் வைத்துப் படுப்பார். அந்த பயம் எங்கள் வீட்டுச் சொத்து. செல்வம் அதைத்தான் தொட்டான்.

பேச்சை மாற்றுவதற்காக, "ஆத்துல தண்ணி வந்துட்டா தம்பி?" என்று கேட்டேன்.

"வந்துட்டுக்கா. நுரையும் தண்ணியுமா ஓடுது."

அது சித்திரை மாசம். சித்திரையில் எங்கள் சோழசூடாமணி ஆற்றில் மணல்தான் கிடக்கும், மாடு குறுக்கே நடந்து போகும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. இந்த வருஷம் மேட்டூரை முன்னாலேயே திறந்திருப்பார்கள் என்று நானே அவனுக்காக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏமாற்றுகிறவன் பாதிதான் பொய் சொல்கிறான். மீதியை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

பத்து நாளில் ஐந்து தடவை கூப்பிட்டான். நிலம் போகாமல் ஆபீசில் எனக்காக அவனே பார்த்துக்கொள்ள அதிகாரம் கொடுக்கிற பத்திரம் என்று ஒரு தாளை வாட்ஸாப்பில் அனுப்பினான். கடையில் அச்செடுத்தேன். முதல் பக்கம் முழுக்க எழுத்து. இரண்டாவது பக்கம் காலி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இது காலியா இருக்கே தம்பி?"

"அது ஆபீஸ்ல நிரப்பிக்குவாங்கக்கா. நீங்க கையெழுத்து, பக்கத்துல ரேகை. அவ்வளவுதான்."

போட்டேன். பாஸ்போர்ட் நகலையும் அடையாள அட்டை நகலையும் சேர்த்து, அவன் சொன்ன தஞ்சாவூர் முகவரிக்குக் கூரியரில் அனுப்பினேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். நான் மூன்றாவது தடவை அழுத்திப் பார்த்தேன்.

3

காலித் தாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பூமியில் யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

எனக்குப் பதினோரு வயசு இருக்கும். ஊர் முழுக்கச் சுவரில் சின்னம், வயல் முழுக்கக் கொடி. உச்சவரம்பில் யார் நிலம் போகும், யாருக்கு வரும் என்றுதான் எங்கும் பேச்சு. பண்ணையில் நிலத்தைச் சமையல்காரர் பேரில், கணக்குப்பிள்ளை மச்சான் பேரில் என்று எழுதி எழுதி வைத்திருந்தார்கள். அறுவடைக்கு வெளியூர் ஆள் இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வயலில் போய் நின்றார்கள். வரப்பில் போலீஸ் வேன் நின்றது.

அந்தச் சமயத்தில் ஒருவர் ஜீப்பில் எங்கள் காலனிக்கு வந்தார். கரை வேட்டி. கரையின் நிறம் எனக்கு நினைவிருக்கிறது, எழுத மாட்டேன். நல்ல மனுஷர் மாதிரிப் பேசினார். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதற்கு முன்னால் ஜீப்பில் வந்தவர் யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் காலனியே விழுந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் பட்டா. ஆளுக்கு ஒரு கைநாட்டு வைங்க. மீதியை நாங்க எழுதிக்கிறோம்" என்றார்.

இருபத்து மூன்று பேர் வைத்தார்கள். அப்பாவும் வைத்தார். ஆறு மாசம் கழித்து வழக்கு வந்தபோது அந்தத் தாள்கள் கோர்ட்டில் இருந்தன. 'நாங்கள் இந்த நிலத்தில் குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிர் செய்ததில்லை, தினக் கூலிக்கு வந்து போகிறவர்கள்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே அவரவர் ரேகை.

அதைக் கேட்கப் போன இடத்தில்தான் தகராறு. அப்பாவை வேனில் ஏற்றினார்கள். திருச்சி ஜெயிலில் மூன்று மாசம். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு நடவுக்குப் போனேன். அவர் திரும்பி வந்த பிறகும் பள்ளிக்கூடம் போகவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு நல்ல அதிகாரி முயற்சியில் பட்டா வந்தது. அதற்கும் அம்மாவைத்தான் முதலில் அனுப்பிப் பார்த்தார் அப்பா. அந்தக் காலித் தாளுக்குப் பிறகு ரேஷன் கார்டுக்குக்கூட அம்மாதான் கைநாட்டு. "என் கையி சரியில்ல" என்பார், ஏதோ சுளுக்குப் போல.

அவருடைய மகள் நான். அடுக்குமாடி வீட்டில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, காலித் தாளில் ரேகை வைத்தேன். இவன் வேட்டி கட்டி ஜீப்பில் வரவில்லை, அக்கா என்று போனில் கூப்பிட்டான். அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

4

ஆறாவது தடவை கூப்பிட்டபோது செல்வத்தின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. 'அக்கா' என்கிற வார்த்தை குறைந்திருந்தது.

"கடைசி வேலை ஒண்ணு பாக்கி. அந்தத் தாளைத் திருப்பி அனுப்புறேன், கோலாலம்பூர்ல தூதரகம் இருக்குல்ல, அங்க கொண்டுபோயி ஆபீசர் முன்னாடி ஒரு சீல் வாங்கணும். சொந்த விருப்பம்தானான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க. வேற எதையும் பேசிடாதீங்க. என் பேரைச் சொல்லாதீங்க."

"ஏன் தம்பி?"

"சொல்றதைச் செய்ங்க. இல்லேன்னா நெலம் போனா என்னைக் கேக்காதீங்க."

போனை வைத்துவிட்டான். அரை மணி கழித்து நானே கூப்பிட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மறுநாளும் அப்படியே. ஏன் என்று நான் கேட்டதில் உஷாராகிவிட்டானோ என்னவோ.

அப்போது நான் செய்த காரியம் இருக்கிறதே, அதை நீங்கள் யாரும் செய்யக் கூடாது. வெட்கத்தில், பயத்தில், அவன் அனுப்பிய எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிடுவார், மகள் பார்த்துவிடுவாள் என்று ஒவ்வொன்றாக அழித்தேன். திருட்டு நடந்த வீட்டைத் திருடனுக்காக நானே கழுவி விட்டேன். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. வடை சுட்டுக் கடைக்குக் கொடுப்பேன், அந்த வடையில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

என் மகள் கவிதா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். வேறு ஊரில் அறை எடுத்து இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்தவள் கண்ணில் கூரியர் ரசீது பட்டது. அதை மட்டும் கிழிக்காமல் விட்டிருந்தேன்.

"யாருக்கும்மா தஞ்சாவூருக்கு அனுப்புன?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது ஸ்கேம் லா மா. ஏன் என்கிட்ட கேக்கல?"

"உனக்குப் பட்டான்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா ஸ்கேம்னா தெரியும்."

 எங்கள் ஊருக்கு அவள் இரண்டே தடவை வந்திருக்கிறாள். கொசுவும், கழிப்பறைக்கு வெளியே போனதும்தான் நினைவிருக்கிறதாம்.

"அந்த இடம் எவ்வளவு பெருசும்மா, இப்படி நடுங்குற?"

"மூணு மா."

"மான்னா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகக் காட்டினேன். "நம்ம கட்டடம், அப்புறம் அந்தக் கார் நிறுத்துற இடம், அந்தா அந்த வேலி வரைக்கும்."

அவள் எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

5

தம்பியிடம் சொல்லியாக வேண்டும். கவிதா பக்கத்தில் உட்கார்ந்து நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். முருகையன் வயலில் இருந்தான், காற்றுச் சத்தம் கேட்டது. நான் முதலில் அழுதேன். அவன், "யாருக்கு என்னக்கா?" என்று பதறினான். எல்லோருக்கும் அதே கேள்விதான் முதலில் வருகிறது.

சொல்லி முடித்தேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"காலித் தாளுலயா?"

"ஆமா."

"ரேகையுமா?"

"ஆமாடா."

 "குடவாசப் பக்கம்னானா? எந்த ஊருன்னு கேட்டியா?" என்றான்.

"கேட்டேன். பக்கத்துல ஒரு ஊர் பேரைச் சொன்னான்."

"எந்தத் தெருன்னு கேட்டியா?"

"கேக்கல" என்றேன்.

கீழத் தஞ்சைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சாதியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். குடவாசல் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்காருகிறவர், "எந்த ஊரு?" என்பார். சொன்னால் சிரிப்பார். "எந்தத் தெரு?" என்பார். நாங்கள் காலனி. அதைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். சிலர் நகர்ந்து உட்காருவார்கள். சிலர் நகராமல் பேச்சை மட்டும் நிறுத்துவார்கள்.

கிள்ளானில் இறங்கிய அன்றைக்கு எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன். இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்க மாட்டேன். முப்பத்தோரு வருஷம் கேட்கவில்லை. கோயிலில் கேட்கவில்லை, சந்தையில் கேட்கவில்லை, மகளுக்கு வரன் வந்தபோதுகூடக் கேட்கவில்லை. இந்த ஊரில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

செல்வத்திடம் அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தம்பி நீங்க எந்த..." என்று ஆரம்பித்து, "எந்த வேலை பார்க்கிறீங்க" என்று முடித்தேன். தெருவைக் கேட்டிருந்தால் அவன் திணறியிருப்பான். அந்தத் தெருவில் இன்னார் வீடு தெரியுமா, குளத்துக்கு எந்தப் பக்கம் என்று நாலு கேள்வியில் சாயம் போயிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவன் உண்மையான ஆளா என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல கேள்வி இல்லை. எங்கள் ஆட்களைக் கண்டுபிடிக்கத்தானே அதையே வைத்திருந்தார்கள்.

 "சரி விடு. நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்றான் முருகையன்.

6

போலீசுக்குப் போக வேண்டும் என்றாள் கவிதா. நான் மாட்டேன் என்றேன். என்னைப் பொறுத்தவரை போலீஸ் என்றால் வரப்பில் நிற்கிற வேன்தான். நாம் போய்ச் சொன்னால், நம்மைத்தான் உள்ளே வைப்பார்கள். கையெழுத்துப் போட்டது நான்தானே.

"மா, நீ ஏமாந்தவ. ஏமாத்துனவ இல்ல" என்றாள் கவிதா. இந்த வாக்கியத்தை அவள் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கிளம்பும்போதும் வீட்டைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஸ்டேஷனில் இளம் வயது மலாய்க்காரர் ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். "உட்காருங்க, மக்சிக்" என்றார். அத்தை என்கிற மாதிரி. நான் முந்திக்கொண்டு என் சந்தை மலாயில், என் நிலத்தைத் திருடிவிட்டான் என்று சொன்னேன். அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"நிலத்தையா? எப்படித் தூக்கிட்டுப் போனான், லாரியிலயா?"

கவிதாவும் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. உடனே அவர் முகம் மாறி, தண்ணீர் எடுத்து வந்து வைத்தார். கவிதா எடுத்துச் சொல்லச் சொல்லத் தட்டினார். போனில் செய்திகள் எங்கே என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். தினமும் இதே பதில்தான் கேட்கிறாரோ என்னவோ. அழைப்புப் பட்டியலில் நம்பர் மட்டும் மிச்சம் இருந்தது. கூரியர் ரசீதும் இருந்தது. அந்த இரண்டையும் ரிப்போர்ட்டில் சேர்த்தார்.

கடைசியில் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். பேனாவைக் கொடுத்தார்.

முழுக்க மலாய் எழுத்து. நான் பேனாவை வாங்கவில்லை. "கவிதா, ஒவ்வொரு வரியா படி" என்றேன். அவள், "அம்மா, பின்னால ஆள் நிக்கிறாங்க" என்றாள். "நிக்கட்டும்." படித்தாள். தமிழில் சொன்னாள். ஓர் இடத்தில் தஞ்சாவூர் தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னேன். கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் ஒரு கோடு போடச் சொன்னேன்.

"எதுக்கு மக்சிக்?"

"யாரும் எழுத முடியாம."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்கேல் எடுத்து நேராகக் கோடு போட்டுக் கொடுத்தார்.

7

ஊரில் தம்பி மூன்று இடத்துக்கு அலைந்தான். ரிப்போர்ட்டின் நகலை வைத்து, இன்னாருடைய கையெழுத்தில் வருகிற எந்தப் பத்திரத்தையும் எங்களுக்குத் தெரிவிக்காமல் பதியக் கூடாது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்சேபணை மனு. தாலுகா அலுவலகத்தில் ஒன்று. போலீசில் இணைய மோசடிப் பிரிவில் ஒன்று. மூன்றிலும் பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்கினான். சீல் இல்லாத மனு கொடுக்காத மனுதான். கூரியர் போன முகவரி ஒரு லாட்ஜாம். அந்த அறையில் இருந்தவன் காலி செய்து போய்விட்டானாம். என் தாள் அவன் பையில் போயிருக்கிறது.

தூதரக சீல் இல்லாத அதிகாரப் பத்திரம் செல்லாது, பயப்படாதே என்று அந்த ஆபீஸ்களில் தம்பியிடம் சொன்னார்களாம். சீலைக் கள்ளத்தனமாகச் செய்ய முடியாதா என்று தம்பியிடம் கேட்டேன்.  காலிப் பக்கத்தில் இந்நேரம் என்ன எழுதியிருக்கிறதோ. வடை மாவு அரைக்கும்போது அதைத்தான் யோசிப்பேன். விற்றேன் என்று எழுதியிருக்கிறதா, கடன் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறதா, தம்பி எனக்குத் தம்பியே இல்லை என்று எழுதியிருக்கிறதா.

ஆனி மாசக் கடைசியில் தம்பி கூப்பிட்டான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து பேசுவதாகச் சொன்னான். பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

"பத்திரம் எழுதுறவர் ஒரு யோசனை சொல்றாருக்கா. உன் பேரு இருக்குற வரைக்கும் அந்தத் தாளுக்கு உயிர் இருக்காம். நீ உன் பாகத்தை என் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அவன் எதைக் கொண்டு வந்தாலும்... நீ அங்க தூதரகத்துல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்னாரு."

ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.  குரல் முருகையன் குரல்தான். ஆனால் இப்போது குரலையும் கணினியில் செய்கிறார்கள் என்று கவிதா சொல்லியிருந்தாள்.

"வெச்சிடு. நான் கூப்பிடுறேன்" என்றேன்.

"ஏன்க்கா?"

"வெச்சிடுடா."

"என்னை நம்பலையா நீ?"

"நம்புறேன். ஆனா நானே கூப்பிடுறேன்."

வைத்தான். என் டைரியில் பழைய மையில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து நானே போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "நான்தான்க்கா" என்றான். "வீடியோ போடு" என்றேன். போட்டான். முட்டி வரைக்கும் சேறு, பின்னால் நாற்றங்கால். பத்திர எழுத்தரிடமும் நான் பேச வேண்டும் என்றேன். மறுநாள் அவர் கடையிலிருந்தே பேச வைத்தான். அவரிடம் நான் பதினைந்து கேள்வி கேட்டேன். "இவ்வளவு கேள்வி என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா" என்றார் அவர்.

முருகையன் அதன் பிறகு ஒரு வாரம் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூடப் பிறந்தவனையே சோதித்துப் பார்த்த அசிங்கம் எனக்கு. சோதிக்கப்பட்ட வருத்தம் அவனுக்கு. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன், செய்யுங்கள். கையெழுத்து என்று யார் சொன்னாலும் வைத்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள். கோபித்துக்கொள்கிற உறவு ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். வருவதற்கு நிலம் இருக்க வேண்டும்.

திரும்பி வந்தான். "உனக்கு மனசு இல்லேன்னா வேணாம்க்கா. வர்றது வரட்டும்" என்றான்.

மனசு இல்லைதான். ஆனால் அவனுக்கு இரண்டு பிள்ளைகள், அந்த மூன்று மாவைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எனக்கு அதில் இருந்தது வெறும் பேர்.

8

ஆடியில் ஒரு நாள் கவிதா லீவு போட்டு என்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனாள். தூதரகத்தில் நல்ல கூட்டம். பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்த பிள்ளைகள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். என் எண் வந்ததும் பத்திரத்தை நீட்டினேன். எல்லாப் பக்கமும் எழுத்து நிரம்பியிருந்தது. முதல் நாளே நான் நான்கு தடவை படித்திருந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி தமிழில் கேட்டார். "உங்க பாகத்தைத் தம்பிக்கு விட்டுக் கொடுக்குறீங்க. இனிமே இதுல உங்களுக்கு உரிமை கிடையாது. புரியுதாம்மா?"

"புரியுதுங்க."

"சொந்த விருப்பம்தானே?"

"ஆமாங்க."

"யாரும் மிரட்டலையே?"

 மிரட்டியவன் இருக்கிறான், எங்கே என்றுதான் தெரியவில்லை. அவன் மிரட்டலுக்குப் பயந்துதான் அவனுக்குப் போட வேண்டிய கையெழுத்தைத் தம்பிக்குப் போடுகிறேன். இதை அந்தக் கண்ணாடி ஓட்டை வழியாக எப்படிச் சொல்வது.

"இல்லைங்க" என்றேன். போட்டேன்.

ஆவணி பிறந்து புதுப் பட்டா வந்தது. முருகையன் போனில் படம் எடுத்து அனுப்பினான். தனிப் பட்டா. ஒரே ஒரு பேர். கவிதாவிடம் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல நீ எங்கம்மா?"

"இல்ல."

"அப்ப இனிமே பயம் இல்ல. உன்கிட்ட வந்து எடுக்க ஒண்ணும் இல்ல."

"ஆமா" என்றேன்.

அவள் போனைத் திருப்பிக் கொடுக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவள் வாயிலிருந்து நான் ஒருநாளும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள். "முன்னாடி இருந்தது, உன் பேர் போட்டது, அது இருக்காம்மா? எனக்கு ஒண்ணு அனுப்பி வையேன்."

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் படம் பிடிக்கப் போனாள். என் கை தானாகப் போய் சர்வே நம்பர் இருந்த இடத்தை மூடிக்கொண்டது. "அம்மா, கையை எடு" என்றாள். எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.